மலையுச்சியில் நீ வாங்கிய கயிற்றடி

தம்பி,

வருகிற சனிக்கிழமை உனக்குக் கலியாணம். அதற்கு முதல் உன் கையில் கிடைக்கவேண்டும் என்பதற்காக இதைத் தபாலில் போடாமல் அம்மாவிடம் கொடுத்துவிடுகிறேன். ஜெர்மனியில் ஒரே டோர்ட்மண்ட் நகருக்குள் இருந்துகொண்டு மகனுக்குக் கடிதம் எழுதுகிற அப்பனை நீ கண்டிருக்க மாட்டாய். வாயால் சொல்லலாம்தான். ஆனால் முப்பது வருடமாக வாயால் சாமான் விற்றவன் நான். கதைக்கத் தொடங்கினால் உன் முகத்தைப் பார்ப்பேன். முகத்தைப் பார்த்தால் எதைக் கூட்டுவது, எதைக் குறைப்பது என்று என் வாய் தன்பாட்டில் வேலையைத் தொடங்கிவிடும். தாளில் உன் முகம் இல்லை. எழுதினது எழுதினபடி நிற்கும்.

அந்த வீடியோ வந்த சனிக்கிழமையில் இருந்து தொடங்குகிறேன். மத்தியானம், கடையின் பின்பக்கம் மீன்பெட்டிகள் இறங்கிக்கொண்டிருந்தன. நீ மாயாவோடும் அவளுடைய தகப்பன் மிலானோடும் அவர்களுடைய நாட்டு மலைக்குப் போயிருந்தாய். ஸ்லோவேனியாவின் ஆக உயர்ந்த மலை, திரிக்லாவ், கலியாணத்துக்கு முதல் ஒருக்கால் ஏறவேண்டுமாம் என்று சொல்லிவிட்டுத்தான் போனாய். குடும்பக் குழுவில் உன்னுடைய வீடியோ என்றதும் பெட்டியில் சாய்ந்துகொண்டு திறந்தேன். முதலில் மேகம். பிறகு கல்லுக்கு மேலே ஆளுயரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஒரு சின்ன இரும்புக் கோபுரம். அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நீ குனிந்து நிற்கிறாய். பின்னால் மிலான், கையில் மடித்த கயிறு. ஓங்கி உன் பின்பக்கத்தில் அடிக்கிறார். ஒன்று, இரண்டு, மூன்று. சுற்றி நின்றவர்கள் கைதட்டுகிறார்கள். மாயா சிரிக்கிறாள். நீயும் சிரிக்கிறாய்.

கைபேசி மீன்பெட்டிக்குள் ஐசுக்கு மேல் விழுந்தது. லொறிக்காரன் எனக்கு நெஞ்சுவலி என்று நினைத்து அம்புலன்ஸைக் கூப்பிடவா என்று கேட்டான். வேண்டாம் என்று கையைக் காட்டினேன். ஐசுக்குள் கிடந்த கைபேசியில் அந்த வீடியோ தானாகத் திரும்ப ஓடத் தொடங்கியது. படம் தெரியவில்லை, சத்தம் மட்டும். கயிறு காற்றைக் கிழிக்கிற சத்தம். அது எனக்குத் தெரிந்த சத்தம்.

அடுத்த அரை மணித்தியாலத்தில் நான் செய்தவை உனக்குத் தெரியும். கோபம் வந்தால் மற்றவர்கள் கத்துவார்கள். நான் போன் எடுத்து ஓடரை ரத்துச் செய்வேன். உங்கள் கலியாண மண்டபத்தைத்தான் ரத்துச் செய்தேன். ஒரு வருடத்துக்கு முதலே டெர்மின் எடுத்து, நாள் பதிந்து வைத்த மண்டபம். மண்டபக்கார அண்ணை இரண்டு தரம் கேட்டார். "வடிவா யோசிச்சுத்தான் சொல்லுறீரோ? நீர் கைவிட்டா எடுக்க ஆள் நிக்குது" என்றார். விடுங்கோ என்றேன். ஒரு மணித்தியாலத்துக்குள் அந்த நாளை ஒரு சாமத்தியச் சடங்கு வீட்டுக்காரர் எடுத்துவிட்டார்கள். பிறகு மிலானுக்குப் போன் அடித்தேன். அவர் உச்சியில் இருந்து இறங்கி மலைக்குடிலில் சூப் குடித்துக்கொண்டிருந்தாராம். என் பிள்ளையை அடிக்க உனக்கு ஆர் உரிமை தந்தது என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில் கத்தினேன். அந்த மனுசன் ஆறுதலாக, இது எங்கள் வழக்கம், திரிக்லாவில் முதல்தரம் ஏறுகிற எல்லோருக்கும் இந்த அடி உண்டு, என் அப்பா எனக்கு அடித்தார், நான் மாயாவுக்கு அடித்தேன் என்றார். நான் போனை வைத்துவிட்டேன்.

நீ பின்னேரம் போன் எடுத்தாய். "அப்பா, மண்டபத்தை விட்டிட்டியளோ?" என்று மட்டும் கேட்டாய். ஓம் என்றேன். அதற்குப் பிறகு இரண்டு கிழமை உன் குரலே இல்லை.

இரண்டாம் கிழமை முடிவில் மிலான் கடைக்கு வந்தார். கூடைக்குள் ஒரேயொரு தேங்காயைப் போட்டுக்கொண்டு, முன்னால் நின்ற நாலு பேரும் போகும்வரை வரிசையில் நின்றார். நீ சொல்லிக்கொடுத்த சொல்லைப் பாடமாக்கி வைத்திருக்கிறார். "சம்பந்தி" என்றார், மிச்சத்தை ஜெர்மனில் கேட்டார், நான் என்ன பிழை செய்தேன் என்று. தேங்காயையும் அவரையும் பார்த்தேன். பிறகு பின்னுக்குக் கூட்டிக்கொண்டுபோய் ஆமிக் கதையைச் சொன்னேன்.

உனக்கு இப்போது தெரிந்த அந்தக் கதைதான். எனக்குப் பத்தொன்பது வயது. ஊரில் இலங்கை ஆமியின் சோதனைச் சாவடியில் பேருந்தில் இருந்து எங்களை இறக்கினார்கள், பள்ளிக்கூடச் சுவரைப் பிடித்துக்கொண்டு குனியச் சொன்னார்கள், கயிற்றால் அடித்தார்கள், அடித்துவிட்டுச் சிரித்தார்கள். ஒரு சொல்லும் பொய்யில்லை. மிலான் கண்ணைத் துடைத்தார். அவர் மாயாவுக்குச் சொல்ல, மாயா உனக்குச் சொல்ல, அன்றைக்கே நீ வந்து வாசலில் வைத்து என்னைக் கட்டிப்பிடித்து அழுதாய். "அப்பா, இதை ஏன் எனக்கு ஒருநாளும் சொல்லேல்லை?" என்றாய். உன் முதுகைத் தடவினேன். அம்மா தேத்தண்ணி போட்டாள். எல்லாம் சரியாகிவிட்டது. மிலான் தங்கள் தேவாலயத்து மண்டபத்தை ஒழுங்கு செய்து தந்தார்.

நடந்தது நடந்ததுதான். ஆனால் அன்று மீன்பெட்டிக்கு முன்னால் நின்ற எனக்கு முதல் ஞாபகம் வந்தது ஆமிக்காரன் இல்லை. ஆமிக் கதை எனக்கு இரண்டாவதாகத்தான் வந்தது, மிலானின் முகத்தைப் பார்த்தபோது. நல்ல சரக்கை மேலே அடுக்கி, பழுதை அடியில் வைத்துப் பெட்டியைக் கட்டுவது எனக்குக் கைவந்த வேலை. அப்படித்தான் கட்டி உங்கள் எல்லோர் கையிலும் தந்தேன். நீங்களும் பிரித்துப் பார்க்காமல் வாங்கினீர்கள். அடியில் இருந்தது என்னவென்று எனக்கே சரியாகத் தெரிந்தது போன மாதம், ஒரு மலைக்குடிலின் வாசலில். அதற்கு அந்த மலைக் கதையையும் சொல்லத்தான் வேண்டும்.

சமாதானமானதும் மிலான், நீங்களும் ஒருக்கால் வந்து பார்க்கவேண்டும் சம்பந்தி என்று விடாமல் கேட்டார். முழங்காலைக் காட்டினேன். உச்சிக்கு வேண்டாம், காரிலேயே போகக்கூடிய குடில் ஒன்று இருக்கிறது என்றார். விடியப் புறப்பட்டோம். வழி முழுக்க அவர் கதைத்தார். அவருடைய அப்பா இங்கே ரூர் நிலக்கரிச் சுரங்கத்துக்கு வேலைக்கு வந்தவர் என்றும், அவர்களுடைய ஊர்ச் சனம் அதற்கும் முந்தின தலைமுறையிலேயே இங்கே சுரங்கத்துக்கு வந்துவிட்டது என்றும் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நானோ இந்த மனுசனை, நாடு வேறு என்றாலும், இங்கத்தைய ஆளாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

திரிக்லாவில் முதலில் ஏறியது ஆர் என்று கேட்டேன். ஏதாவது பிரபு, ராசகுமாரன் என்று சொல்வார் என்று நினைத்தேன். இருநூறு வருடத்துக்கும் முதல், ஒரு இரும்பாலை முதலாளி, ஏறுகிறவனுக்குப் பரிசு தருவதாக அறிவித்தாராம். ஏறிய நாலு பேரும் அடிவாரத்து ஆட்கள். வேட்டைக்காரன், சுரங்கத் தொழிலாளிகள், வைத்தியம் படித்த ஒருவர். முதலாளி கீழே நின்றார், கூலிக்காரர் மேலே நின்றார்கள். இப்போது அந்த நாலு பேருக்கும் ஏரிக்கரையில் சிலை இருக்கிறது, மலையைக் கைகாட்டியபடி. தங்கள் நாட்டுக் கதையைச் சுரங்கத் தொழிலாளியில் இருந்து தொடங்குகிற சனத்தை நான் முதல்தரம் கேள்விப்பட்டேன்.

பிறகு அவர் சொன்னதுதான் என்னை உலுக்கியது. அந்த நாட்டை வியன்னாவில் இருந்து ஆண்ட காலம். மலையில் பாதை வெட்டுகிறதும் குடில் கட்டுகிறதும் ஜெர்மன் பேசுகிற பெரிய சங்கங்கள். வழிப்பலகை ஜெர்மனில், குடிலுக்குப் பெயர் ஜெர்மனில். அந்த மலையில் பிறந்து, வழிகாட்டி, மூட்டை காவுகிறவனுக்குத் தன் மொழியில் ஒரு பலகை இல்லை. காருக்குள் நான் நிமிர்ந்து இருந்தேன். ஊரில் சிங்களப் பலகைகளைப் பார்த்து வளர்ந்த எனக்கு, பெயர்ப்பலகையால் வருகிற வயிற்றெரிச்சலை ஆரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. "பேந்து என்ன செய்தவை? சண்டை பிடிச்சவையோ?" என்று கேட்டேன். இல்லை, குடில் கட்டினார்கள் என்றார் மிலான். தாங்களும் ஒரு சங்கம் தொடங்கி, கல்லும் மரமும் முதுகில் காவி, அவன் ஒன்று கட்டினால் இவர்கள் ஒன்று, அவன் பாதைக்குப் பக்கத்தில் இவர்கள் பாதை. டோர்ட்மண்டில் ஒரு தமிழ்ச் சங்கம் உடைந்தால் அடுத்த தெருவில் இன்னொன்று முளைக்கும், அது எங்களுக்கு மட்டுமான வருத்தம் என்று நினைத்திருந்தேன். ஆனால் இவர்கள் அந்தப் போட்டியில் மழைக்கு ஒதுங்க இடம் கட்டினார்கள். நாங்கள் கட்டினதை யோசித்துப் பார்த்தேன்.

ஒரு பங்குச் சுவாமியாரின் கதையைக் கேட்டபோது நான் காரை நிறுத்தச் சொன்னேன், தம்பி. மலையடிவாரக் கத்தோலிக்கக் கோயிலில் பூசை வைக்கிறவர். அந்தச் சுவாமி திரிக்லாவின் உச்சியை விலைக்கு வாங்கிவிட்டார். பூங்கா இல்லை, வயல் இல்லை, மலையின் உச்சந்தலை. ஊர்ச் சபையிடம் போய், அந்த மொட்டைக் கல்லுத்துண்டு உங்களுக்கு எதற்கு, எனக்குத் தாருங்கள் என்று கேட்டு, கோழி வாங்குகிற மாதிரிச் சில்லறைக் காசைக் கொடுத்து எழுதி வாங்கினார். பிறகு தகரவேலைக்காரனிடம் சின்னக் கோபுரம் ஒன்று அடிப்பித்து, துண்டு துண்டாக ஆட்களின் முதுகில் ஏற்றி, உச்சியில் பூட்டினார். எதிர்த்து வழக்கு வந்தது. நிலம் என்னுடையது, அதில் என்னுடைய கோபுரம் நிற்கிறது என்றார், வென்றார். நெடுஞ்சாலை ஓரத்தில் நின்றுகொண்டு நான் சிரித்தேன். என் வாழ்க்கையில் கேள்விப்பட்ட வியாபாரிகளில் முதலாவது ஆள் அவர்தான். நீ பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாயே, அது அவர் வைத்த இரும்பு.

அந்தக் கயிற்றடி எப்போது தொடங்கியது என்று மிலானுக்குச் சரியாகத் தெரியவில்லை. அவருடைய விளக்கம் எளிமையானது. மேலே வந்துவிட்டோம் என்று ஆருக்கும் தலைக்கனம் ஏறக்கூடாது, அதற்குத்தான் கீழே ஒரு அடி. எத்தனை அடி, எவ்வளவு பலமாக என்பதெல்லாம் அடிக்கிறவரின் மனம். ஆனால் அடி வாங்குகிறவன் தானாகக் குனியவேண்டும், ஒருவரும் பிடித்துக் குனியவைக்கக் கூடாது என்றார். அந்தக் கடைசி வசனத்தை இன்னொருதரம் சொல்லச் சொன்னேன். ஏன் என்று எனக்கு அப்போதும் விளங்கவில்லை.

பின்னேரம் அந்தப் பள்ளத்தாக்குக் குடிலுக்குப் போய்ச் சேர்ந்தோம். நேர் எதிரே திரிக்லாவின் வடக்குச் சுவர், சூரியன் மறைந்த பக்கம், கறுப்பாக. இதிலா என் பிள்ளை ஏறினான் என்று நின்றுவிட்டேன். உச்சிக்குக் கீழே முதல் கல்லுக் கூடாரத்தைக் கட்டியது ஒரு வழிகாட்டியும் அவருடைய மகனும் என்று மிலான் சொன்னார். அது கொஞ்சக் காலத்திலேயே இடிந்துபோனது, பிறகு வந்தவர்கள் திரும்பத் திரும்பக் கட்டினார்கள். குடிலை நடத்துகிற பெண் பார்லி சூப் தந்தாள், பெரிய கொப்பியைத் தள்ளி, பெயர், எங்கேயிருந்து வந்தது, எங்கே போவது என்று எழுதச் சொன்னாள். போனவன் திரும்பாவிட்டால் எந்தப் பக்கம் தேடுவது என்று தெரிய வேண்டுமாம்.

சூப் குடித்த பிறகு மிலான் என்னைப் பக்கத்துச் சின்னக் கட்டடத்துக்குக் கூட்டிப்போனார். மாரிகாலத்து அறை என்றார், பனி விழுகிற மாதங்களுக்கு. ஐப்பசியில் குடிலைப் பூட்டிக்கொண்டு ஆட்கள் இறங்கிவிடுவார்கள், இது மட்டும் நிற்கும். கதவைத் தள்ளினார், திறந்தது. பலகைக் கட்டில், மடித்த கம்பளிகள், அடுப்பு, வெட்டி அடுக்கிய விறகு, மெழுகுதிரி, நெருப்புப்பெட்டி. நான் கதவைத் திருப்பிப் பார்த்தேன். பூட்டு இல்லை. பூட்டுக் கொழுவ வளையம்கூட இல்லை. என் கடைக்குள் எட்டுக் கமரா இருக்கிறது, உனக்குத் தெரியும். "மாரி முழுக்கத் திறந்தோ? ஆராவது களவெடுத்தா?" என்று கேட்டேன். மிலான் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்.

"எடுத்தா எடுக்கட்டும். பூட்டி வைச்சு, வாசலிலை ஒருத்தன் விறைச்சுச் செத்தா, பிறகு அந்தப் பூட்டை என்ன செய்யிறது?"

கட்டிலில் இருந்துவிட்டேன். நாள் முழுக்கக் காரில் இருந்த களைப்பு என்று நினைத்து மிலான் தண்ணீர் எடுக்கப் போனார்.

உனக்குப் பதின்மூன்று வயது. தைமாதம், கடும் பனி. சனிக்கிழமைகளில் கடையில் எனக்கு உதவிசெய்வாய், பின் களஞ்சியப் பூட்டின் திறப்பு ஒன்று உன்னிடம் இருந்தது. ஞாயிறு காலை நான் போய்ப் பார்த்தால் களஞ்சியக் கதவு பூட்டாமல் கிடக்கிறது. உள்ளே வெங்காய மூட்டைகளுக்கு நடுவில் இரண்டு தமிழ்ப் பொடியன்கள் படுத்திருக்கிறார்கள். புதிதாக வந்து அகதி முகாமில் இருந்தவர்கள், கடைசி ரயிலைத் தவறவிட்டவர்கள். சப்பாத்து ஹீட்டரில் காய்கிறது. பக்கத்தில் ஒரு பை முறுக்கு, பாதி. நீ பூசைக்குப் போகிற உடுப்போடு அவர்களுக்குத் தேத்தண்ணி கொண்டுவந்தாய். நான் சாமான் அடுக்குகிற இறாக்கையின் இரும்பைக் காட்டிப் பிடிக்கச் சொன்னேன். பெட்டி கட்டுகிற நீல நைலோன் கயிறு கையில் வந்தது.

அந்தப் பெரிய பொடியன் எழும்பி நின்று சொன்னான். "அண்ணை, அவரை அடிக்காதேங்கோ. நாங்கள்தான் கேட்டனாங்கள்."

நான் நிறுத்தவில்லை. அவர்கள் பார்க்கப் பார்க்க அடித்தேன். பிறகு அவர்களைப் பனிக்குள் அனுப்பினேன். நான் இந்த நாட்டுக்கு வந்த முதல் மாரியில் ஆருடைய களஞ்சியத்தில், எந்த மூட்டைக்குப் பக்கத்தில் படுத்தேன் என்று உனக்கு ஒருநாளும் சொன்னதில்லை. மறுநாள் திறப்பு என் மேசையில் இருந்தது. அதற்குப் பிறகு நீ அந்தக் களஞ்சியத்துக்குள் வந்ததே இல்லை. என் மகன் கணக்கில் கெட்டிக்காரன், எஞ்சினியர் ஆகிறான், அதனால்தான் கடைப்பக்கம் வரமாட்டான் என்று ஊர் முழுக்கப் பெருமையாகச் சொன்னேன். சொல்லிச் சொல்லி நானே நம்பிவிட்டேன்.

மீன்பெட்டிக்குள் இருந்து வந்தது அந்தச் சத்தம்தான். இரும்பைப் பிடித்துக் குனிந்த உன் முதுகைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்த கை மிலானுடையது இல்லை, ஆமிக்காரனுடையதும் இல்லை. என்னுடையது. அதைப் பார்க்க ஏலாமல்தான் உன் கலியாண மண்டபத்தைக் கைவிட்டேன். பிறகு, அடிபட்ட என் முதுகைக் காட்டி, அடித்த என் கையை மறைத்தேன். நீ வாசலில் நின்று அழுதது அந்த முதுகுக்காக. அந்த அழுகைக்கு நான் உரியவன் இல்லை. கலியாணப் படத்தில் உனக்குப் பக்கத்தில் நிற்க முதல் இதை நீ தெரிந்திருக்கவேண்டும்.

நாளைக்கு உனக்கும் பிள்ளை பிறக்கும். அப்பா புத்தி சொல்லாமல் விடமாட்டார் என்று நீ நினைப்பாய், ஓம், சொல்லத்தான் போகிறேன். உன் பிள்ளை ஒருநாள் ஆருக்காவது கதவைத் திறந்துவிட்டு வந்து நிற்கும். உனக்கு அன்றைக்கு ஆயிரம் நியாயம் இருக்கும், களவு, காப்புறுதி, சட்டம் எல்லாம் இருக்கும். கையை மட்டும் சட்டைப்பைக்குள் வைத்துக்கொள். மாயாவோடு கொழுவல் வந்தால் உனக்கு வசதியான உண்மையைச் சொல்லி வெல்லாதே. அது பொய்யைவிடக் கெதியாய் விலைபோகும், அதனால்தான் சொல்கிறேன். மிலானிடம் இதையெல்லாம் நான் இன்னும் சொல்லவில்லை. முதலில் உனக்கு. அவருக்கு நானே சொல்வேன், நீ சொல்லவேண்டாம்.

இதை வாசித்துவிட்டுச் சனிக்கிழமை அப்பா வரவேண்டாம் என்று நீ சொன்னால் அம்மாவை அனுப்புவேன், சாப்பாட்டு வாகனம் நேரத்துக்கு வரும், ஒருவருக்கும் ஒரு காரணமும் சொல்லமாட்டேன். நல்ல கதை கட்டமாட்டேன் என்று அர்த்தம்.

ஆனால் இன்னொன்றும் இருக்கிறது. ஒரு மாதமாக நான் காலையில் ஹால்டேக்குப் போகிறேன், பழைய சுரங்கத்து மண்ணைக் குவித்து வைத்திருக்கிற அந்த மேட்டுக்கு. பத்துக் கிலோ அரிசி மூட்டையை முதுகில் கட்டிக்கொண்டு ஏறி இறங்குகிறேன். அம்மா விசர் என்கிறாள். நாயோடு நடக்க வருகிற ஒரு ஜெர்மன்காரி, இன்றைக்கு எந்த வீட்டுக்கு டெலிவரி என்று கேட்கிறாள். முழங்கால் நோகிறது, ஆனால் பிடிக்கிறது. அடுத்த ஆவணியில் கூட்டிப்போவதாக மிலான் சொல்லியிருக்கிறார். உச்சியில் எனக்கும் அடி உண்டாம், வயது பார்க்க மாட்டார்களாம். கயிறு உங்கள் கையில் வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவைத்திருக்கிறேன். ஏன் என்று கேட்டார், சிரித்துச் சமாளித்தேன்.

நான் அந்தச் சுவாமியாரின் இரும்பைப் பிடித்துக்கொண்டு நானாகவே குனிவேன். கயிறு உன் கையில் இருக்கட்டும். மூன்றோடு நிறுத்து என்று மிலான் சொல்வார். களஞ்சியத்தில் நான் அன்றைக்கு எண்ணவில்லை, தம்பி. நீயும் எண்ணவேண்டியதில்லை.

அப்பா